செவ்வாய்க்கிழமையை யார் அளப்பது

எங்கள் பசுந்தாங் சந்தில் ரத்தக் கொதிப்பு இல்லாத ஒரே ஆள் மின்கம்பம்தான். அதற்கும் ஒழுங்காகக் கரண்ட் வந்துகொண்டிருந்தால் இந்நேரம் கொதிப்பு வந்திருக்கும். மற்றபடி இங்கே அறுபதைத் தாண்டிய எவனுடைய நரம்பைத் தொட்டாலும் அதில் ஒரு ரயில் ஓட்டலாம். நான் சொல்கிறேன், நம்பலாம். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரங்கூனைச் சுற்றும் வட்ட ரயிலில் நான் போட்ட சுற்றுகளை நீட்டிப் போட்டால் நிலாவுக்குப் போய் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருப்பவள் நிலோஃபர். வாப்பா இல்லை. உம்மா மைமூன், துணி தைத்துப் பெண்ணைப் படிக்க வைத்தவள். அந்த ஐந்தாம் மாடிக்கு ஏறுவதென்றால் சாதாரணமில்லை. கீழே கிளம்பும்போது பிரம்மச்சாரியாக இருந்தவன் மேலே போய்ச் சேரும்போது பேரன் எடுத்துவிடுவான். அதனால்தான் எங்கள் ஊரில் எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும்; நுனியில் கவ்வி, மேலே மணி. காய்கறிக்காரன் கயிற்றை இழுப்பான், மேலே மணி அடிக்கும், பை இறங்கும். நிலோஃபர் மட்டும் அந்தப் படியை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குவாள். நர்ஸிங்கில் பேச்சலர் பட்டம் வாங்கி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பர்மாவில் நர்ஸை 'ஸயாமா' என்பார்கள், டீச்சரைக் கூப்பிடுகிற அதே மரியாதையோடு. நாங்களும் அப்படித்தான் அவளைக் கூப்பிடுவோம், பாதி மரியாதைக்கு, பாதி கிண்டலுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் டீக்கடையில் எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்து சொன்னாள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் டாக்டரேட் படிப்புக்குத் தன்னை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. நாங்கள் என்றால் மூன்று பேர். நான், ஆணியும் கம்பியும் விற்கும் ஷம்சுதீன் பாய், தண்ணீர் இலாகாவில் வால்வு திறந்து மூடியே பென்ஷன் வாங்கிய நல்லையா.

"அப்ப நீ டாக்டராயிருவியா?" என்றார் ஷம்சுதீன். "வயித்தக் கிழிச்சுப் பாப்பியா?"

"அது இல்ல மாமா. நர்ஸ் வேலையிலயே டாக்டரேட். நோயாளியப் பாக்குற முறையவே மாத்துறதுக்குப் படிக்கிறது."

"நடுவுல மாஸ்டர்னு ஒண்ணு இருக்குமே?" என்றார் நல்லையா.

"இதுல பேச்சலர்லேருந்து நேராப் போயிரலாம்."

"பாத்தியா! தரையிலேருந்து அஞ்சாம் மாடிக்குப் படியே இல்லாமப் போறா," என்றார் ஷம்சுதீன்.

"படியெல்லாம் இருக்கு மாமா," என்றாள் அவள். "நடுவுல உக்கார்ற எடந்தான் இல்ல."

ஷம்சுதீன் அன்றைக்குக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். முன்னூறு பேர் இருப்பார்கள். சரி, பதிமூன்று பேர். ஆனால் அவர் வாழ்நாளில் அப்படி வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான், அதனால் முன்னூறு என்றே வைத்துக்கொள்ளலாம்.

படிப்பின் முதல் பகுதி இங்கிருந்தே. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது அவளுக்கு வகுப்பு. கடைசியில் ஒரு வேலை செய்து காட்ட வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் முறையில் ஒரு மாற்றம் கொண்டுவந்து, அதனால் என்ன ஆனது என்று அளந்து, பேராசிரியர்கள் முன் ஒப்பிக்க வேண்டும். அது தேறினால்தான் மீதிப் படிப்புக்கு நேரில் வரச்சொல்லி இடமும் உதவித்தொகையும் உறுதியாகும். தேறாவிட்டால் இல்லை. அவளுக்கு இருபத்தொன்பது வயது. இந்த ஊரிலிருந்து வெளியே போகிற வாசல் எந்த மாதம் திறந்திருக்கும், எந்த மாதம் யாருக்குச் சாத்தப்படும் என்று ஜோசியக்காரனே ஜோசியம் பார்க்கிற காலம். அதைப் பற்றி நாங்கள் டீக்கடையில் சத்தமாகப் பேசுவதில்லை.

அளப்பதற்கு அவள் தேர்ந்தெடுத்தது எங்களை. சந்துக் கிழவர்களின் ரத்தக் கொதிப்பு.

ஷம்சுதீனின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலையில் பின்னறையில் ஆணி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு அளப்பாள். முதலில் பாடம்: உப்பைக் குறைப்பது எப்படி, ஙாப்பி என்கிற உப்பு மீன் விழுது இல்லாமலும் மனிதன் உயிர் வாழ முடியும், மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பிறகு பட்டையைக் கையில் சுற்றுவாள். அதற்கு முன்னால் ஒரு கொடுமை உண்டு. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். பேசினால் ரத்தம் ஏறிவிடுமாம்.

ஐந்து நிமிஷம்! என் அம்மாவுக்குப் பேறுகாலம் பார்த்த கிழவியே, பிறந்தவுடன் நான் அழவில்லை, அவள் தாமதமாக வந்ததைத் தட்டிக் கேட்டேன் என்றுதான் சொல்லுவாள். முதல் ஞாயிறு என் முறை வந்தது. இரண்டாவது நிமிஷத்தில் மூட்டைமேல் ஓடிய பல்லியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மெஷின் நூற்றுத் தொண்ணூறு காட்டியது.

"மாமா, இது ஒங்க ரத்தம் இல்ல. ஒங்க வாய்," என்றாள். "திரும்ப அஞ்சு நிமிஷம்."

எப்படி அளந்தாலும் எல்லோருக்கும் மோசமாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரமும் மோசம், மூன்றாம் வாரமும் மோசம். அவள் நோட்டில் குறித்துக்கொண்டு போனாள். ஆனால் மைமூன் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கார்த்தி அண்ணே, கொறையலன்னா புள்ளைக்கு எடம் கெடைக்காதாமே?" என்று கேட்டாள். நான் போய் டீக்கடையில் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். குறையாவிட்டால் இதுவரை படித்ததையும் பிடுங்கிக்கொள்வார்களாம் என்று.

ஷம்சுதீன் கோப்பையை நங்கென்று வைத்தார். "நம்ம புள்ள. நம்ம ரத்தத்தால அவ தோக்குறதா?"

அப்போது நல்லையா ஒரு சிரிப்புச் சிரித்தார். தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் ஊறிய சிரிப்பு அது.

"பாய், எங்க டிப்பார்ட்மெண்டுல பெரிய இன்ஸ்பெக்டர் மெயின் குழாயில கேஜு வச்சுப் பாப்பான். சாதாரண நாள்ல முள்ளு செத்த பாம்பு மாதிரி படுத்துக் கெடக்கும். அவன் வர்ற அன்னிக்கு விடியக்காலையில போயி சந்து வால்வையெல்லாம் மூடிருவோம். முள்ளு ராஜா மாதிரி எந்திரிச்சு நிக்கும். அவன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவான். நாங்க வால்வத் தொறந்து விட்ருவோம்."

"அது ஏத்துறதுய்யா. இங்க எறக்கணும்," என்றார் ஷம்சுதீன்.

"ஏத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதா? கொழாய் கொழாய்தான்."

அந்தச் சமயம் மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை கிடைப்பதே அரிது. வந்தால் ஆளுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். நல்லையாவின் திட்டம் இதுதான்: வார நாளில் மாத்திரையைத் தொடாதே, சேர்த்து வை. சனிக்கிழமை மதியத்திலிருந்து உப்பு கிடையாது. ராத்திரி இரண்டு மாத்திரை, ஞாயிறு விடிந்ததும் இரண்டு. கூடவே புளிச்சக்கீரையை வேகவைத்த தண்ணீர் ஒரு சொம்பு.

"அப்ப மத்த நாளு?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

"சும்மா கெடக்குற செவ்வாக்கிழமைக்கு எதுக்குய்யா மாத்திரை?" என்றார் நல்லையா. "அன்னிக்கு யாரு அளக்கப் போறா?"

இதைவிடப் பிரமாதமான வாதத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. எங்கள் மூவருக்கும் அப்படியொரு குஷி. சந்துக் கிழவர்கள் அத்தனை பேருக்கும் ரகசியமாகச் சொல்லியனுப்பினோம். எங்கள் சந்தில் ரகசியம் என்றால் நிலோஃபரையும் மைமூனையும் தவிர எல்லோருக்கும் தெரியும் என்று பொருள்.

அடுத்த ஞாயிறு ரத்தமெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றது. அதற்கடுத்த வாரம் இன்னும் அழகு. ஷம்சுதீன் எதிலும் முதலாவதாக வர வேண்டும் என்கிற ஆள். நல்லையா இரண்டு என்றால் அவர் மூன்று போடுவார். நூற்று இருபத்தாறு! கல்யாண மாப்பிள்ளை ரத்தம். வெளியே வந்து தெருவையே கூப்பிட்டுச் சொன்னார்.

வெளிநாட்டுப் பேராசிரியை திரையில் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைந்த வசதியில் இப்படியொரு பலனா என்று வியந்தாளாம். தன் மற்ற மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்று கேட்டாளாம். நிலோஃபர் அதை எங்களிடம் சொன்னபோது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை.

"ரொம்ப அழகாக் கொறையுது மாமா. வார்டுல நான் இப்படிப் பாத்ததே இல்ல."

"வார்டுல இருக்குறது நோயாளிங்கம்மா," என்றார் ஷம்சுதீன். "நாங்க ஒன் மாமனுங்க."

அவள் சிரித்துவிட்டாள். கேட்க வந்த எதையோ கேட்காமல் போய்விட்டாள்.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஒப்பிக்கிற நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை, ஷம்சுதீன் கடையில் ஒரு கொத்தனாருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் பலகையில் உட்கார்ந்து அவரிடம் மாவ்பி என்கிற ஊரில் ஒரு பூசணிக்காய் மாட்டு வண்டியை நசுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் "பொய்" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் வலது கையிலிருந்து ஆணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது.

நான் ஓடிப்போய் ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தேன். மணி அறுந்து விழும்படி இழுத்தேன். நிலோஃபர் படியில் கால் வைத்து இறங்கியதாக எனக்கு நினைவில்லை. மணி அடித்த சத்தம் அடங்குமுன் என் பக்கத்தில் நின்றாள்.

"மாமா, ரெண்டு கையையும் தூக்குங்க."

ஒரு கை எழுந்தது. மற்றது மடியிலேயே கிடந்தது. அவர் ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை. தலையையும் தோளையும் அணைவாகப் பிடித்துச் சாய்த்தாள், தர்ம ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னாள், பட்டையைச் சுற்றினாள். மெஷின் இருநூற்றுப் பத்து காட்டியது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் மெஷினைப் பார்த்தாள். பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம நூத்தி இருபத்தாறு," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கைலியைத் தளர்த்திவிட்டபோது மடியிலிருந்து ஒரு சுண்ணாம்பு டப்பி உருண்டு விழுந்து திறந்துகொண்டது. உள்ளே சுண்ணாம்பு இல்லை. வெள்ளையாக, குட்டியாக, அந்த வாரத்து மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமைக்காகப் பத்திரமாக.

நிலோஃபர் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில்தான் கேட்டாள். உள்ளே ஷம்சுதீன் உயிரோடு இருந்தார், பாதி உடம்போடு.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

நல்லையா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்," என்றேன்.

"எதுக்கு?"

"ஒனக்காகத்தான் தாயி," என்றார் நல்லையா. "மத்த நாள்ல யாரும் அளக்க மாட்டாங்கல்ல. செவ்வாக்கிழம புதன்கெழமன்னா..."

"செவ்வாக்கிழம ரத்தம் ஓடாதா மாமா?" அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூளைக்குப் போற கொழாய் ஞாயித்துக்கிழம மட்டும்தான் கிழியும்னு யாரு சொன்னா?"

நல்லையா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் வால்வு திருகிய கை.

சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் ஐந்தாம் மாடிக்கு ஏறினோம். நான் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் சீக்கிரம் ஏறிவிட்டோம். மைமூன் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் போட்ட சத்தம் பசுந்தாங் ஓடையைத் தாண்டி அக்கரையில் கேட்டிருக்கும்.

"ஒங்க மூணு கெழத்துக்கும் என் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? ஒருத்தர் அங்க வாய் கோணிக் கெடக்காரு, நீங்க ரெண்டு பேரும் இங்க எதுக்கு வந்தீக? மிச்சத்தக் கெடுக்கவா?"

"உம்மா, உள்ள வரட்டும்," என்றாள் நிலோஃபர்.

உள்ளே மடிக்கணினி திறந்திருந்தது. திங்கட்கிழமை ஒப்பிக்க வேண்டும். நல்லையா தரையில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார். "தாயி, ஷம்சு பாய் பேர மட்டும் எடுத்துரு. மத்தவங்க நம்பரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

வியப்பு என்னவென்றால், கத்திக்கொண்டிருந்த மைமூன் அங்கே சட்டென்று கட்சி மாறிவிட்டாள். "அதத்தாண்டி நானும் காலையிலேருந்து சொல்றேன். நீ என்ன பொய்யா எழுதுன? மிஷினு காட்டுனத எழுதுன. நீயா மாத்திரைய ஒளிச்சு வச்ச? இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் வாசல் தொறந்திருக்குமான்னு யாருக்குத் தெரியும்? போயிரு. எப்படியாவது போயிரு."

"மிஷின் பொய் சொல்லல உம்மா. நாம கேட்ட நேரம்தான் பொய்."

"வேதாந்தம் பேசாத."

"வேதாந்தம் இல்ல. நர்ஸ் தொழிலோட விதி. என் வேலையால ஒருத்தருக்குக் கெடுதல் வந்தா, வேற யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லணும். மொத வகுப்புலயே அதான் சொல்லிக் குடுத்தாங்க."

"சொன்னா எடம் கெடைக்குமா?"

நிலோஃபர் மடிக்கணினியை மூடினாள். மைமூனுக்குப் பதில் தெரியும். தையல் மெஷின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் இல்லை. இருட்டில் வெறும் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமையும் கரண்ட் இல்லை. நல்லையாவும் நானும் ஷம்சுதீன் வீட்டு லாரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினோம். அதன் எடை ஒரு சின்ன யானை. குட்டி யானை இல்லை, சின்ன யானை. இரண்டாம் மாடியில் நல்லையா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "இன்னிக்கு மாத்திரை போட்டீரா?" என்று கேட்டேன். "போட்டேன்யா," என்றார். "நாலு நாளா ஒவ்வொண்ணு. இப்பப் போயி என்ன."

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் அந்தப் பேராசிரியை, வெள்ளைத் தலை, கண்ணாடி. நாங்கள் சமையலறை வாசலில் நின்றோம். என் ஆங்கிலம் ரயில்வே ஆங்கிலம். சரக்கு, சீல், தாமதம், சேதம் என்பதெல்லாம் பிடிபடும். நிலோஃபர் அழகான வரைபடத்தை முதலில் காட்டினாள், நாலு மாதமாகப் படி இறங்குகிற கோடு. திரையில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். அடுத்து, இது எதுவும் உண்மை இல்லை என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாத்திரைத் தட்டுப்பாடு, சேர்த்து வைத்தது, ஞாயிற்றுக்கிழமை, ஷம்சுதீனின் கை. எங்கள் பெயர்களைச் சொல்லவில்லை. நல்லையாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. திடீரென்று என் பிடியை உதறிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்று, கண்ணாடிக்காரியைப் பார்த்து, "மேடம்! ஐ! வாட்டர் டிப்பார்ட்மெண்ட்! வால்வு!" என்று இரண்டு கையாலும் திருகிக் காட்டினார். "ஷீ நோ! ஐ!"

யார் இவர் என்று பேராசிரியை கேட்டாள்.

என் நோயாளி என்றாள் நிலோஃபர்.

வேறு நாளாக இருந்தால் இதை வைத்து நான் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். ஆனால் பேராசிரியை அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், எனக்கே புரிந்தது. இந்த நாலு மாதத்தில், வார நாட்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா?

நிலோஃபரின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இல்லை," என்றாள். "எண்கள் நன்றாக இருந்தன. நான் கேட்கவில்லை."

முடிவை எழுதி அனுப்புவதாகச் சொல்லித் திரை அணைந்தது. பேட்டரியைக் கீழே இறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி, வீடு, ஷம்சுதீன் வீடு. நானும் நல்லையாவும் டீக்கடையில் இரண்டு பேராக உட்கார்ந்தோம். மூன்றாவது நாற்காலியைக் கடைக்காரர் எடுக்கவில்லை. மூன்று பேருக்கு வேண்டிய பொய்யை இரண்டு பேர் கேட்டு முடிக்க முடியாது. நான் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம். திறந்தால் நிலோஃபர். தோளில் மெஷின் பை.

"ஸயாமா! இன்னிக்கு ஞாயித்துக்கிழம இல்லையே?"

"தெரியும் மாமா. உக்காருங்க."

"நான் இன்னும் பல்லுகூட வெளக்கல..."

"பல்லு எனக்கு வேணாம். சாஞ்சு உக்காருங்க. கால் தரையில. அஞ்சு நிமிஷம் பேசக்கூடாது."

உட்கார்ந்தேன். அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டையைச் சுற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். சந்தில் மீன்சாற்றில் சேமியா போட்ட மொஹிங்கா விற்பவள் கூவிக்கொண்டு போனாள். எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமியது.

"லெட்டர் வந்துருச்சு மாமா," என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் விரலைத் தூக்கினாள். மூடிக்கொண்டேன்.

"இந்த வருஷம் எடம் இல்லன்னுட்டாங்க. மறைக்காமச் சொன்னதுக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. அடுத்த வருஷம் மொதல்லேருந்து மனுப் போடலாமாம். கெடைக்கும்னு சொல்ல முடியாதாம். உம்மா ரெண்டு நாளா என்கூடப் பேசல."

என் தொண்டையில் ஆயிரம் வார்த்தை முட்டியது. கெய்சா மஷீபூ, ஒன்றும் பிரச்சினை இல்லை என்று பர்மியத்தில் ஒன்று, அந்தப் பல்கலைக்கழகமே இடிந்து விழும் என்று தமிழில் ஒன்று, அடுத்த வருஷம் வாசல் நிச்சயம் திறந்திருக்கும், அமைச்சர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று ஒரு முழுப் பொய். எதையும் சொல்ல வழியில்லை. ஐந்து நிமிஷம் முடியவில்லை. அவளும் அதற்காகத்தான் இந்த ஐந்து நிமிஷத்தில் சொன்னாளோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஷம்சு மாமாவுக்குக் கை இன்னும் வரல. 'பொய்'னு ஒரு வார்த்த மட்டும் நேத்து தெளிவா வந்துச்சு. ஒங்கள நெனச்சிருப்பாரு."

சிரிக்கவும் கூடாது. சிரித்தாலும் ஏறுமாம்.

"இனிமே இப்படித்தான் வருவேன். எந்த நாள்னு சொல்ல மாட்டேன். படிப்புக்கு இல்ல. ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி ரெண்டு வீடு, வந்தப்புறம் ரெண்டு வீடு." கடிகாரத்தைப் பார்த்தாள். "நேத்து மாத்திரை போட்டீங்களா?"

ஷம்சுதீன் விழுந்த நாளிலிருந்து தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அட்டை தீர்ந்து இரண்டு நாளாகிறது. மருந்துக் கடையில் இல்லை. அவளிடம் சொன்னால் எங்கேயாவது அலைந்து வாங்கி வருவாள், அவளுக்கு இருக்கிற பாரம் போதாதா என்று சொல்லாமல் விட்டிருந்தேன். வாயைத் திறக்க விட்டிருந்தால் 'போட்டேன் தாயி, மணி அடிச்ச மாதிரி போட்டேன்' என்றுதான் சொல்லியிருப்பேன்; என் நாக்குக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஆனால் பேசக்கூடாது. தலைக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. அது பாட்டுக்கு இடம் வலமாக ஆடியது.

நிலோஃபர் சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து அரை அட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். பட்டை என் கையை இறுக்கியது.

மெஷின் காட்டியதை அவள் படித்தாள். நன்றாக இல்லை. குறித்துக்கொண்டு பட்டையைக் கழற்றிச் சுற்றிப் பையில் வைத்தாள்.

"இப்பப் பேசலாம் மாமா," என்று சொல்லிவிட்டு நல்லையா வீட்டுப் படியில் ஏறினாள்.